நாம் இருப்பது சிமுலேஷனுக்குள்ளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி அறிவியல் மன்றங்களில் கருந்துளை பற்றிப் பேசினாலும் சரி, செவ்வாய்க் கிரகம் பற்றிப் பேசினாலும் சரி, முடிக்கும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். “சார், நாம எல்லாருமே ஒரு சிமுலேஷன்னு சொல்றாங்களே, நெஜமா?” ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் மழுப்பிவிட்டு மேடையை விட்டு இறங்கியிருக்கிறேன். அப்படி மழுப்பிய கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

சிமுலேஷன் என்று எதைச் சொல்கிறார்கள்?

வானிலை மையத்தில் புயலைக் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிறார்களே, அதைத்தான். காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் எல்லாம் எண்களாக உள்ளே போகின்றன. இயற்பியல் விதிகள் அந்த எண்களைக் கணத்துக்குக் கணம் மாற்றுகின்றன. திரையில் புயல் நகர்கிறது, ஆனால் கணினி நனைவதில்லை. இதையே பிரபஞ்சம் முழுவதற்கும் விரித்துக்கொள்ளுங்கள். புயல் மட்டுமல்ல, புயல் கடக்கும் ஊரும் எண்கள். ஊரில் குடை தேடி ஓடும் ஆட்களும் எண்கள். அவர்களில் ஒருவர் நீங்கள். இதுதான் சிமுலேஷன் கருதுகோள்.

ஓட்டுவது யார்? மனித அறிவை எல்லா வகையிலும் விஞ்சிய ஓர் அறிவு. மீயறிவு என்று வைத்துக்கொள்வோம். அது நம் எதிர்காலச் சந்ததியாக இருக்கலாம், அவர்கள் உருவாக்கிய இயந்திரமாக இருக்கலாம், நமக்குச் சம்பந்தமே இல்லாத வேறொன்றாகவும் இருக்கலாம்.

இதை முதலில் கிளப்பியது யார்?

காண்பதெல்லாம் பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் மிகப் பழையது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தே 1641இல், எல்லாம் வல்ல ஒரு வஞ்சகப் பேய் தன் புலன்களை ஏமாற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். பேயின் இடத்தில் கணினி வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1941இல் நிரலால் இயங்கும் கணினியைக் கட்டிய ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே, பிரபஞ்சமே ஒரு கணக்கிடும் பொறி என்ற எண்ணத்தை 1969இல் நூலாகவே எழுதினார். ஆனால் இன்று எல்லோரும் பேசுவது ஆக்ஸ்போர்டில் இருந்த நிக் போஸ்ட்ரம் என்ற தத்துவவாதி 2003இல் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் பற்றி.

நாம் சிமுலேஷன்தான் என்று போஸ்ட்ரம் நிரூபித்துவிட்டாரா?

இல்லை. இந்த ஒரு பதிலை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குத் திருப்திதான்.

அவர் சொன்னது, மூன்றில் ஒன்று உண்மையாக இருந்தே தீர வேண்டும் என்பது. ஒன்று, நம்மைப் போன்ற நாகரிகங்கள் இப்படி ஓர் உலகத்தையே ஓட்டிப் பார்க்கும் அளவு தொழில்நுட்பத்தை எட்டுவதற்கு முன்பே ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோகின்றன. அல்லது, எட்டினாலும் தங்கள் முன்னோரைச் சிமுலேஷனாக ஓட்டிப் பார்க்க அநேகமாக யாருக்குமே ஆர்வம் இருப்பதில்லை. இந்த இரண்டும் இல்லையென்றால், ஓட்டப்படும் சிமுலேஷன்களின் எண்ணிக்கை அசல் உலகத்தை எங்கோ விஞ்சிவிடும். அப்போது நம்மைப் போல் நினைக்கிற மனங்களில் பெரும்பாலானவை உள்ளே இருப்பவை, நாமும் அநேகமாக அவற்றில் ஒன்று.

இதில் எது உண்மை என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை. இணையத்தில் மூன்றாவது கிளையை மட்டும் ஒடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் கிளைதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றி யாரும் ரீல் போடுவதில்லை.

சிமுலேஷன்கள் அத்தனை பெருகும் என்று எதை வைத்துச் சொல்கிறார்?

ஒரு மனக்கணக்கை வைத்து. இதுவரை வாழ்ந்த மனிதர்களைச் சுமார் 10,000 கோடி என்று கொள்கிறார். ஆளுக்குச் சராசரி 50 ஆண்டு. ஒரு மூளை நொடிக்குச் செய்யும் கணக்குகளை, 1-க்குப் பின்னால் 14 முதல் 17 சுழியங்கள் என்று மதிப்பிடுகிறார். எல்லாவற்றையும் பெருக்கினால், மனித குலம் இதுவரை நினைத்த அத்தனையையும் திரும்ப ஓட்ட, அதிகபட்சம் 1-க்குப் பின்னால் 36 சுழியங்கள் அளவுக்குக் கணக்குகள் போதும். ஒரு கோளின் பருமனுக்குக் கணினி கட்டினால் அது நொடிக்கு 1-க்குப் பின்னால் 42 சுழியங்கள் அளவுக்குக் கணக்குப் போடும் என்பது இன்னொரு மதிப்பீடு. அதாவது ஆதாம் ஏவாள் தொடங்கி நேற்று ராத்திரி உங்களுக்கு வந்த கனவு வரைக்கும், அந்தக் கணினிக்கு ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேலை.

எண்களைப் பார்த்து மலைத்துப்போகும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இதில் மூளைகளை மட்டும்தான் ஓட்டுகிறார். மலை, கடல், நட்சத்திரம் எல்லாம் யாராவது பார்க்கும்போது ஒப்பேற்றினால் போதும் என்று விட்டுவிடுகிறார். சினிமா செட்டில் வீட்டின் முன்சுவரை மட்டும் கட்டுவது மாதிரி.

அசல் உலகில் இருக்கும் வாய்ப்பு நூறு கோடிகளில் ஒன்று என்று எலான் மஸ்க் சொன்னாரே?

2016இல் ஒரு மாநாட்டு மேடையில் சொன்னார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு கோடும் ஒரு புள்ளியுமாக இருந்த வீடியோ கேம் இன்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள், இப்படியே போனால் அசலுக்கும் கேமுக்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவர் வாதம். கேமில் படம் நன்றாகத் தெரிவதற்கும், கேமுக்குள் இருக்கும் ஆள் ‘நான்’ என்று உணர்வதற்கும் நடுவில் ஒரு பெரும் பள்ளம் கிடக்கிறது. அதை அவர் ஒரே தாவாகத் தாவிவிட்டார்.

கொலம்பியா பல்கலைக்கழக வானியலாளர் டேவிட் கிப்பிங் 2020இல் இதை நிகழ்தகவுக் கணக்காகவே போட்டார். மனங்களைச் சிமுலேஷன் செய்யவே முடியாது என்பதற்குப் பாதி, முடியும் என்பதற்குப் பாதி என்று தொடங்கினால், நாம் உள்ளே இருக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கும். முடியும் என்ற பாதியிலும் ஓர் அசல் உலகம் உண்டல்லவா, அதற்கு ஒரு துளி கழிகிறது. ஆனால் உணர்வுள்ள மனங்கள் கொண்ட சிமுலேஷனை நாமே என்றைக்காவது செய்துவிட்டால் கணக்கு அன்றே கவிழ்ந்து, கிட்டத்தட்ட நிச்சயமாக நாமும் உள்ளேதான் என்றாகிவிடும்.

இன்று நம்மால் எவ்வளவு தூரம் ஓட்ட முடிகிறது?

பெரிய அளவில் பார்த்தால் பிரமாதம். 2005இல் வெளிவந்த மில்லேனியம் சிமுலேஷன், பக்கத்துக்கு 200 கோடி ஒளியாண்டு நீளமுள்ள ஒரு கனசதுரப் பிரபஞ்சத்தை ஜெர்மனியின் கார்ஷிங் நகர சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு மாதத்துக்கும் மேலாக ஓட்டியது. ஆயிரம் கோடித் துகள்கள். அதில் விண்மீன் மண்டலங்கள் சிலந்தி வலைபோல் பின்னிக்கொள்ளும் படத்தைப் பார்த்தால் உண்மை வானத்தின் வரைபடமோ என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு ‘துகள்’ என்பது ஏறக்குறைய நூறு கோடிச் சூரியன்களின் எடை. அந்தப் பிரபஞ்சத்தில் பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. நூறு கோடிச் சூரியனுக்குக் கீழே எதுவுமே இல்லை.

சின்ன அளவுக்கு வந்தால் கதை வேறு. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீள உருளைப்புழு ஒன்று இருக்கிறது, ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை. அதற்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற முழு வரைபடம் 1986லேயே அச்சாகிவிட்டது. இன்றுவரை அந்தப் புழுவை, அது நெளிவது, திரும்புவது, தீனி தேடுவது எல்லாம் சேர்த்து, முழுப் புழுவாகக் கணினியில் ஓட்டிக் காட்ட முடியவில்லை. 2024இல் பழ ஈ மூளையின் வரைபடம் வந்தது, ஏறக்குறைய 1,40,000 நரம்பணுக்கள். நம் தலைக்குள் இருப்பவை சுமார் 8,600 கோடி. வரைபடம் கையில் இருப்பதும் அந்த உயிர் கணினிக்குள் எழுந்து நடப்பதும் ஒன்றில்லை என்பதை அந்தப் புழு ஒன்றே சொல்லிக்கொண்டிருக்கிறது.

யாரும் பார்க்காதபோது துகளுக்கு நிச்சயமான இடமே கிடையாதாம். இது கேம்களில் செய்யும் சிக்கனம் போலவே இருக்கிறதே?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். கேள்வியும் நல்ல கேள்விதான். கேமில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரைக் கணினி வரைவதில்லை, திரும்பினால்தான் வரையும். குவாண்டம் இயற்பியலிலும் அளக்கும்போதுதான் துகள் ஓரிடத்தில் பிடிபடுகிறது. பொருத்தம் கச்சிதமாகத் தெரிகிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர் எதிர். குவாண்டத்தில் ஒரு துகளைப் பார்க்காமல் விட்டால் வேலை குறைவதில்லை, கூடுகிறது. பார்க்கப்படாத துகள் அங்கேயும் இருக்கலாம், இங்கேயும் இருக்கலாம் என்ற எல்லா வாய்ப்புகளையும் ஒரே நேரத்தில் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இரண்டே நிலைகள் கொண்ட துகள்கள் 300 ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால், அவற்றின் நிலையை எழுதி வைக்க 2-ஐ 300 தடவை பெருக்கி வரும் அத்தனை எண்கள் வேண்டும். அது 1-க்குப் பின்னால் 90 சுழியங்களுக்கும் மேல். கண்ணுக்கு எட்டும் பிரபஞ்சத்தின் மொத்த அணுக்களே 1-க்குப் பின்னால் 80 சுழியங்கள் அளவுதான். 300 துகளுக்கே அணுவெல்லாம் தீர்ந்துவிட்டது. சிக்கனம் பிடிக்கும் எந்த நிரலரும் இப்படி ஓர் உலகத்தை எழுத மாட்டார்.

அப்புறம், ‘பார்ப்பது’ என்றால் மனிதக் கண் பார்ப்பது என்று அர்த்தமில்லை. ஒரு காற்று மூலக்கூறு வந்து இடித்தாலும் பார்த்ததாகவே ஆகும்.

சாதாரணக் கணினிதானே திணறும், குவாண்டம் கணினி இருந்தால்? சரியான மடக்கு. இயற்கையைச் சிமுலேஷன் செய்ய இயற்கை மாதிரியே இயங்கும் கணினி வேண்டும் என்று ரிச்சர்ட் ஃபெயின்மன் 1981லேயே சொன்னார். மீயறிவிடம் அது இருக்கலாம். ஆனால் அப்போது ‘சிக்கனத்துக்காகத்தான் குவாண்டம்’ என்ற வாதம் செத்துவிடுகிறது.

ஒளிவேகம் என்பது அந்தக் கணினியின் வேக வரம்பு இல்லையா?

நொடிக்கு 29,97,92,458 மீட்டர், அதற்கு மேல் எதுவும் போக முடியாது. இது ஏன் என்பதற்குக் கணினிக் கதை பொருத்தமாகத்தான் படும். எப்படிப் பொருந்துகிறது என்று கையாலேயே செய்து பார்க்கலாம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுங்கள். 1970இல் ஜான் கான்வே என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளரின் ‘உயிர் விளையாட்டு’ வெளிவந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். பென்சிலால் நிரப்பிய கட்டம் உயிருள்ளது. அதற்கு உயிருள்ள அண்டை இரண்டோ மூன்றோ இருந்தால் அடுத்த சுற்றிலும் பிழைக்கும், இல்லாவிட்டால் சாகும். வெற்றுக் கட்டத்துக்குச் சரியாக மூன்று அண்டை உயிரோடு இருந்தால் அது பிறக்கும். விதி அவ்வளவுதான்.

இப்போது மூன்றுக்கு மூன்று சதுரத்தில், மேல் வரிசையில் நடுக்கட்டம், நடு வரிசையில் வலதுகோடிக் கட்டம், கீழ் வரிசையில் மூன்றும், ஆக ஐந்து கட்டங்களை நிரப்புங்கள். விதிப்படி நான்கு சுற்று போட்டுப் பாருங்கள். அதே உருவம், ஒரு கட்டம் வலப்பக்கமும் ஒரு கட்டம் கீழேயுமாகக் குறுக்கே நகர்ந்திருக்கும். என் அண்ணன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஆறாவது சுற்றில் அழிரப்பரைப் போட்டுவிட்டு, “சித்தப்பா, இது ஊர்ந்து போகுது” என்றாள். யாரும் ‘நகரு’ என்று விதி எழுதவில்லை.

இந்த நோட்டு உலகில் எந்தச் செய்தியும் ஒரு சுற்றுக்கு ஒரு கட்டத்துக்கு மேல் பரவ முடியாது, ஏனென்றால் கட்டத்துக்கு அண்டை மட்டுமே தெரியும். அந்த விளையாட்டில் ஊறியவர்கள் அதை ‘ஒளிவேகம்’ என்றே அழைக்கிறார்கள். ஊர்ந்து போகும் நம் ஐந்து கட்ட உருவம், ஊர்வான் என்று வைத்துக்கொள்வோம், அதில் கால் பங்கு வேகத்தில் போகிறது. ஆக, அண்டையோடு மட்டும் பேசும் எந்த உலகத்துக்கும் வேக வரம்பு தானாக வந்துவிடும். அதை ஓட்டுவது கணினியா, பென்சிலா, யாருமே இல்லையா என்பதற்கும் வரம்புக்கும் சம்பந்தமில்லை. ஒளிவேகம் சாட்சி சொல்ல வராது.

பிளாங்க் நீளம் பிரபஞ்சத்தின் பிக்சலாமே?

அப்படி யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி மூன்றையும் சேர்த்துக் கிடைக்கும் மிகமிகச் சிறிய ஒரு நீளம். அங்கே நம் கோட்பாடுகள் கைவிரிக்கின்றன, அவ்வளவே.

அப்படியானால் சோதித்துப் பார்க்க வழியே இல்லையா?

முயன்றிருக்கிறார்கள். 2012இல் சைலஸ் பீன், சோரே தவூதி, மார்ட்டின் சாவேஜ் என்ற மூன்று இயற்பியலாளர்கள் யோசித்த விதம் எனக்குப் பிடிக்கும். அணுக்கருவின் விசையைக் கணினியில் ஓட்டும்போது நாமே வெளியைக் கட்டம் கட்டமாக நறுக்குகிறோம். மேலே இருப்பவரும் நம்மைப் போலவே நறுக்கியிருந்தால்? கட்ட நோட்டில் நேராகப் போவதும் குறுக்கே போவதும் ஒன்றில்லை. அதேபோல, மிக உச்ச ஆற்றலில் வரும் காஸ்மிக் கதிர்கள் சில திசைகளுக்குச் சலுகை காட்ட வேண்டும். இதுவரை அப்படிக் கட்டத்தின் சாயல் எதுவும் தென்படவில்லை.

வேறொரு நோக்கத்தில் கிடைத்த ஒரு சாட்சியமும் உண்டு. 2009 மே மாதம் ஃபெர்மி விண்தொலைநோக்கி, 730 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு காமாக் கதிர் வெடிப்பைப் பிடித்தது. வெளி பொடிப்பொடியாக இருந்தால் ஆற்றல் மிகுந்த ஒளித்துகள் கொஞ்சம் தடுக்கித் தாமதமாக வரலாம் என்று சில கோட்பாடுகள் சொல்லியிருந்தன. 730 கோடி ஆண்டு ஓடிவந்த பிறகும் வித்தியாசம் ஒரு நொடிக்குள் அடங்கிவிட்டது.

ஆனால் கட்டம் போடாமல் வேறு விதமாக ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டால் இந்தச் சோதனைகள் எல்லாம் வீண். எந்த முடிவு வந்தாலும் ‘அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்’ என்று தப்பிக்க முடிகிற கருதுகோளை அறிவியல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாத்தியமே இல்லை என்று நிரூபித்துவிட்டதாகவும் செய்தி வருகிறதே?

அதுவும் மிகைதான். 2025இல் பொலோன்யா பல்கலைக்கழகத்தின் பிராங்கோ வாட்சா, பூமியை மட்டும் குறைந்த நுணுக்கத்தில் ஓட்டக்கூட எட்டாத அளவு ஆற்றல் தேவை என்று கணக்குக் காட்டினார். நல்ல கணக்கு. ஆனால் நம் இயற்பியல் விதிகளே நம்மை ஓட்டுபவரின் உலகிலும் இருந்தால்தான் அது செல்லும்.

மீயறிவு எதற்காக இந்த வேலையைச் செய்ய வேண்டும்?

நாம் எதற்காகச் செய்கிறோம் என்று பாருங்கள். ஓட்டுநர் இல்லாத கார் செய்யும் வேமோ நிறுவனம், தன் கார் நிரலைச் சிமுலேஷன் சாலைகளில் 1,000 கோடி மைல் ஓட்டிவிட்டதாக 2019இல் அறிவித்தது. உண்மைச் சாலையில் குழந்தை குறுக்கே ஓடுவதைச் சோதிக்க முடியாது, அதனால் உள்ளே ஓடவிடுகிறார்கள். மீயறிவும் ஒரு முடிவை எடுக்கும் முன் உலகம் எப்படிப் போகும் என்று ஓட்டிப் பார்க்கலாம். அப்படியானால் நாம் யாரோ கிறுக்கிப் பார்க்கும் வெள்ளைத்தாளின் பின்பக்கம்.

போஸ்ட்ரமின் இரண்டாவது கிளைக்கு உயிர் வருவதும் இங்கேதான். சிமுலேஷனுக்குள் இருப்பவருக்கு வலிக்கும் என்றால், போர்களையும் பஞ்சங்களையும் தெரிந்தே மறுபடி ஓட்டுவது கொடுமை. அறிவு கூடினால் இரக்கமும் கூடும் என்று நம்ப எனக்கு ஆசை. உத்தரவாதம் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் நம் மாயாவாதம்தானே? நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள்!

எந்த முன்னோர் என்று கேட்டால் பதில் மாறும். உலகம் கயிற்றில் தெரியும் பாம்பு என்பது அத்வைதம். தமிழ்நாட்டில் வேரூன்றிய சைவ சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. அங்கே மாயை என்பது பொய்த்தோற்றம் அல்ல, உள்பொருள். குடத்துக்கு மண் எப்படியோ உலகத்துக்கு மாயை அப்படி. குயவன் இடத்தில் இறைவன். அந்த மாயையிலிருந்து உயிர்களுக்குத் தனு, கரணம், புவனம், போகம் என்று நான்கைக் கொடுக்கிறான் என்பார்கள்: உடல், கருவிகள், உலகம், அனுபவம். சிமுலேஷன் எழுத உட்காரும் ஒருவருக்கு இதைவிடக் கச்சிதமான வேலைப் பட்டியல் கிடைக்காது.

ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. சித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதல்ல, அநாதி. இறைவன் உலகத்தைத்தான் ஆக்குகிறான், உயிரை அல்ல. போஸ்ட்ரமுக்கோ உயிரும் நிரலின் விளைச்சல்தான். ஒரு சித்தாந்தி அவரிடம் கேட்கக்கூடிய முதல் கேள்வி, “நீ குடம் செய்தாய் சரி, தண்ணீர் குடிப்பவன் எங்கிருந்து வந்தான்?” என்பதாகத்தான் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

முழு வாதமும் தொங்குவது இந்த ஆணியில். மனம் என்பது கணக்கு; எதில் ஓடினாலும், நரம்பில் ஓடினாலும் சிலிக்கானில் ஓடினாலும், அதே மனம்தான் என்பதைப் போஸ்ட்ரம் தன் கட்டுரையின் தொடக்கத்திலேயே எடுகோளாக வைத்துவிடுகிறார். நிரூபிக்கவில்லை, மறைக்கவும் இல்லை. நாம்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

கணினிக்குள் அடிக்கும் புயல் எதையும் நனைப்பதில்லை. ஆனால் கணினிக்குள் போடும் கூட்டல், நிஜமான கூட்டல்தான். மனம் புயல் மாதிரியா, கூட்டல் மாதிரியா? புயல் மாதிரி என்றால் உள்ளே எத்தனை கோடி மனிதர்களை ஓட்டினாலும் அங்கே யாரும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே நீங்கள் வெளியே இருப்பதற்குச் சாட்சி. கூட்டல் மாதிரி என்றால் போஸ்ட்ரமின் கணக்கு உயிர்பெறும். என் மனம் புயல் பக்கம் சாய்கிறது. இதற்கு மேல் அழுத்திச் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை.

ஒருவேளை உள்ளேதான் இருக்கிறோம் என்றால், என் வலி பொய்யா?

பல் வலிக்கும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். டேவிட் சால்மர்ஸ் என்ற ஆஸ்திரேலியத் தத்துவவாதி, உள்ளே இருந்தாலும் மேசை மேசைதான், மரம் மரம்தான், அடியில் இருப்பது அணுவா எண்ணா என்பது மட்டுமே மாறும் என்கிறார். மேசை பெரும்பாலும் வெற்றிடம் என்று இயற்பியல் சொன்னபோது நாம் மேசையில் சாப்பிடுவதை நிறுத்தவில்லையே.

முன்பே நடந்தது போலத் தோன்றுவதெல்லாம் நிரலில் வரும் கோளாறா?

இல்லை. அது நம் ஞாபகத்தில் வரும் கோளாறு. தூக்கம் கெட்ட நாளில் எனக்கும் வரும்.

சிமுலேஷன் என்று தெரிந்தால் எப்படி வாழ வேண்டும்?

ராபின் ஹான்சன் என்ற பொருளாதார வல்லுநர் 2001இல் இதற்குப் பாதி விளையாட்டாக ஒரு யோசனை சொன்னார்: பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டாமல் சுவாரசியமாக இருங்கள், பிரபலங்களுக்குப் பக்கத்தில் இருங்கள், ஓரத்தில் நிற்கும் துணை நடிகர்களைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்கிற தோரணையில். நம் ஊரில் பலர் இதைப் படிக்காமலே கடைப்பிடிக்கிறார்கள்.

என் பையன் ஒன்பதாம் வகுப்பு. “எல்லாமே சிமுலேஷன்தானே, எதுக்குப் படிக்கணும்” என்கிறான். என்ன சொல்ல?

ஒரு கட்ட நோட்டும் பென்சிலும் கொடுங்கள். அந்த ஐந்து கட்டங்களை நிரப்பி, ஓரம் வரைக்கும் ஊரவிடச் சொல்லுங்கள். பக்கத்துக்கு முப்பது கட்டம் என்றால் நூறு சுற்றுக்கு மேல் வரும். ஒரு சுற்றில் தப்பாக எண்ணினாலும் ஊர்வான் சிதைந்துவிடும், முதலிலிருந்து போட வேண்டும். முடித்துவிட்டு வந்து அதே கேள்வியைக் கேட்டால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பையனோடு பேச வேண்டும்.